பன்னிரண்டு மேசைகள்

2025 டிசம்பர் 27. கிறிஸ்து பிறப்புப் பெருவிழா முடிந்து இரண்டாம் நாள். திருச்சி கே.கே. நகரில் ஒரு சிறு மண்டபத்தில் நாங்கள் மேசைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு மேசைகள் வேண்டும். பதினொன்றைப் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. மண்டபத்தின் மூலையில் எங்கள் அன்பியத்துப் பிள்ளைகள் கட்டியிருந்த குடில் நின்றது. வைக்கோல் கூரை, களிமண் ஆடுமாடுகள், மினுக்கும் சிறு விளக்குகள். "இரண்டு நாளைக்கு இதை வெளியே வைத்துக்கொள்ளலாமே" என்றார் எங்களில் ஒருவர். நால்வருமாகத் தூக்கிச் சென்று வராந்தாவில் வைத்தோம். பன்னிரண்டாவது மேசைக்கு இடம் கிடைத்தது. அப்போது எங்கள் மனத்தில் எந்த உறுத்தலும் எழவில்லை.

எங்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவர் பொன்மலை இரயில்வே பணிமனையில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். ஒருவர் செவிலியர். மற்றவர் கல்லூரியில் இறுதியாண்டு பயிலும் இளைஞர். பிள்ளைகளுக்கு விடுமுறையில் பயனுள்ளதாக ஏதேனும் செய்ய வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். அந்த நல்ல விருப்பத்தினூடே நாங்கள் செய்த ஒரு பிழையைப் பற்றியே இங்கு எழுத முனைகிறோம். பிழை நால்வருக்கும் பொது. ஆதலால் நால்வரும் சேர்ந்தே எழுதுகிறோம்.

இப்போது பள்ளி கல்லூரிகளில் 'மாதிரி ஐ.நா. அவை' என்னும் மாணவர் மாநாடுகள் பரவலாக நடைபெறுவதை வாசகர் அறிவர். ஒவ்வொரு மாணவரும் ஒரு நாட்டின் பிரதிநிதியாக அமர்ந்து வாதிடுவார், தீர்மானம் கொண்டுவருவார், வாக்களிப்பார். இதே முறையில் வரலாற்றுக் கூட்டங்களையும் மீண்டும் நடத்திப் பார்ப்பதுண்டு. அமெரிக்க மாணவர் மாநாடுகளில் அந்நாட்டுத் தொழில்முறைக் கால்பந்து லீக் பிறந்த கதையைக்கூட இப்படி நடித்துப் பார்க்கிறார்களாம். 1920 செப்டம்பர் 17 அன்று ஒகாயோ மாநிலத்துக் கேன்டன் நகரில் ஒரு மோட்டார் வாகன விற்பனைக் கூடத்தில் அந்தக் கூட்டம் நடந்தது. எல்லோருக்கும் நாற்காலி இல்லாததால் சிலர் கார்களின் பக்கப் படிகளில் அமர்ந்து பேசினர் என்பர்.

எங்கள் கல்லூரி இளைஞர்தான் இந்தச் செய்தியைக் கொண்டு வந்தார். "நம் பிள்ளைகளுக்கு அந்த முட்டைவடிவப் பந்து தெரியாது, காலால் உதைக்கும் பந்துதான் தெரியும்" என்றார் பொன்மலைப் பெரியவர். ஆகவே 1888-இல் இங்கிலாந்தில் உலகின் முதல் கால்பந்து லீக் பிறந்த நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டோம்.

அந்த வரலாறு சுவையானது. 1885 வரை இங்கிலாந்தில் பந்தாட்டத்திற்குக் கூலி வாங்குவது விதிக்குப் புறம்பானது. அவ்வாண்டு ஜூலையில்தான் அது முறையாக அனுமதிக்கப்பட்டது. ஆட்டக்காரருக்கு வாரந்தோறும் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் வாரந்தோறும் வருமானம் வரும் என்பதற்கு உறுதியில்லை. கோப்பைப் போட்டியில் ஒருமுறை தோற்றால் அந்த ஆண்டின் வாய்ப்பு முடிந்தது. நட்பு ஆட்டத்திற்கு வருவதாகச் சொன்ன அணி கடைசி நேரத்தில் வராமல் போகும். மழையிலும் குளிரிலும் வந்து காத்திருந்த மக்கள் ஏமாந்து திரும்புவர். ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ சனிக்கிழமைப் பிற்பகல் ஒன்றே. அந்த அரைநாள் ஓய்வையும் இப்படிப் பாழாக்கலாமா?

இந்தக் கேள்வி பர்மிங்காம் நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த வில்லியம் மெக்ரெகர் என்பவரை உறுத்தியது. ஸ்காட்லாந்தில் பிறந்தவர், மது அருந்தாதவர், ஆஸ்டன் வில்லா கழகத்தின் நிர்வாகிகளுள் ஒருவர். 1888 மார்ச் 2 அன்று சில கழகங்களுக்குக் கடிதம் எழுதினார். குறிப்பிட்ட சில கழகங்கள் ஒன்றுகூடி, ஆண்டுதோறும் தங்களுக்குள் இருமுறை மோதுவதென முன்கூட்டியே நாள் குறித்துக்கொள்ளலாமே என்பதுதான் அவர் யோசனை. மார்ச் 23-இல் இலண்டன் ஆண்டர்டன் விடுதியில் முதற்கூட்டம். ஏப்ரல் 17-இல் மான்செஸ்டர் ராயல் விடுதியில் லீக் முறையாக உருவாயிற்று. செப்டம்பர் 8-ஆம் நாள், நம் வேளாங்கண்ணித் திருநாளான அதே தேதியில், முதல் ஆட்டங்கள் தொடங்கின. முதல் ஆண்டில் பிரஸ்டன் நார்த் எண்ட் அணி 22 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்காமல் வாகை சூடியது.

சேர்ந்தவை பன்னிரண்டு கழகங்கள். லங்காஷயர் பகுதியிலிருந்து ஆறு, நடுநாட்டிலிருந்து ஆறு. ஏன் பன்னிரண்டு? கணக்கு எளிது. பன்னிரண்டு அணிகள் ஒவ்வொன்றும் மற்றப் பதினோர் அணிகளோடு இருமுறை ஆடினால் 22 நாட்கள் ஆகும். கோப்பைப் போட்டிகளுக்கு ஒதுக்கியது போக அவர்கள் கையில் எஞ்சியிருந்த நாட்களும் 22-தான். எனவே சேர விரும்பி வந்த நாட்டிங்காம் ஃபாரஸ்ட், ஷெஃபீல்டு நகரின் வென்ஸ்டே, ஹாலிவெல் ஆகிய மூன்று கழகங்களுக்கு 'இடமில்லை' என்று சொல்லிவிட்டார்கள்.

எங்கள் மாநாட்டிற்கு நாற்பத்தைந்து பிள்ளைகள் பெயர் கொடுத்திருந்தனர். கழகத்திற்கு மூவர் வீதம் பதினைந்து கழகங்களாகப் பிரித்தோம். உள்ளே அமரும் பன்னிரண்டு. வெளியே காத்திருந்து, அழைக்கும்போது வந்து விண்ணப்பித்து, மறுக்கப்பட்டுத் திரும்பும் மூன்று.

நாங்கள் பிழை செய்த இடம் இதுதான். நாற்பத்தைந்து பேரில் முப்பத்தாறு பேர் ஆங்கில வழிப் பள்ளிகளில் பயில்பவர்கள். ஒன்பது பேர் தமிழ் வழிப் பள்ளிப் பிள்ளைகள். மாநாடு என்றால் ஆங்கிலத்தில்தான் நடக்க வேண்டும் என்று யாரும் எங்களுக்கு ஆணையிடவில்லை. ஆயினும் நாங்களாகவே அப்படி வைத்துக்கொண்டோம். பிறகு அந்த ஒன்பது பேரை நினைத்துப் பார்த்தோம். "பாவம், ஆங்கிலத்தில் பேசத் தயங்குவார்கள். நிறையப் பேச வேண்டிய கழகத்தைக் கொடுத்தால் எல்லோர் முன்னும் கூசிப்போவார்கள். அந்த மூன்று கழகங்களை இவர்களுக்குக் கொடுப்போம். ஒரு நிமிடம் பேசினால் போதும்" என்று முடிவு செய்தோம். நெஞ்சறிய அது இரக்கம் என்றே நம்பினோம்.

முதல் நாள் மண்டபம் களைகட்டிவிட்டது. பன்னிரண்டு மேசைகளிலும் கழகங்களின் பெயர்ப் பலகைகள். மெக்ரெகராக அமர்ந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் கம்பீரமாகக் கூட்டத்தைத் தொடங்கினான். லீக்கிற்குப் பெயர் என்ன? வெற்றிக்கு எத்தனை புள்ளி? நுழைவுக் கட்டண வருமானம் உள்ளூர் அணிக்கா, இரு அணிக்கும் பங்கா? உண்மையான நிறுவனர்கள் புள்ளிக் கணக்கை முடிவு செய்யாமலே ஆட்டங்களைத் தொடங்கிவிட்டு, நவம்பரில்தான் வெற்றிக்கு இரண்டு, சமநிலைக்கு ஒன்று என வகுத்தார்கள். எங்கள் பிள்ளைகளோ அரைமணி நேரத்தில் அதை முடித்துவிட்டார்கள். எங்களுக்குப் பெருமை தாளவில்லை.

பதினோரு மணிக்கு மூன்று கழகங்களும் உள்ளே அழைக்கப்பட்டன. ஒன்பது பிள்ளைகளும் வந்து வரிசையாக நின்றனர். மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியங்களை ஒவ்வொரு கழகத்திலிருந்தும் ஒருவர் சொன்னார். தலைவர் கைகளை எண்ணினார். "22 நாட்கள்தான் உள்ளன, வருந்துகிறோம்" என்றார். பிள்ளைகள் தலையாட்டிவிட்டு வராந்தாவிற்குத் திரும்பினர். எல்லாம் ஏழு நிமிடத்தில் முடிந்தது.

வராந்தாவில் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு பொன்மலைப் பெரியவருடையது. தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தார். ஒரு சிறுமி கேட்டாள்: "இனிமே நாங்க என்ன செய்யணும், தாத்தா?"

"சன்னல் வழியா வேடிக்கை பாருங்கம்மா" என்றார் அவர்.

அந்தச் சொல் தம் வாயிலிருந்து எப்படி வந்தது என்று அன்றிரவு வரை அவர் தம்மையே கேட்டுக்கொண்டிருந்தார். மதியம் வரை இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. பிற்பகலிலும் அந்தப் பிள்ளைகளுக்கென்று நாங்கள் எதையும் திட்டமிடவில்லை. எங்கள் நிகழ்ச்சி நிரலில், பதினோரு மணி ஏழு நிமிடத்திற்குப் பிறகு அவர்கள் இருக்கவேயில்லை.

சற்று நேரம் சன்னலருகே நின்றார்கள். உள்ளே பேசப்பட்டதில் பாதி அவர்களுக்கு எட்டவில்லை. பிறகு குடிலருகே தரையில் வட்டமாக அமர்ந்தார்கள். ஒருவன் சுண்ணக்கட்டியால் தரையில் கோடுகள் போடத் தொடங்கினான். பெரியவர் எட்டிப் பார்த்தார். அது ஓர் அட்டவணை.

"நாங்க தனியா ஒரு லீக் வெச்சுக்குறோம் தாத்தா" என்றான் அவன்.

மூன்று கழகம் போதாது என்று, ஒன்பது பேரும் ஆளுக்கொரு கழகம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர்கள் இங்கிலாந்திலிருந்து வரவில்லை. பொன்மலை, காஜாமலை, சுப்பிரமணியபுரம், மன்னார்புரம், எடமலைப்பட்டிபுதூர் என்று அவரவர் அறிந்த பகுதிகளே கழகங்களாயின. ஒன்பது அணிக்குத் தலா பதினாறு ஆட்டம் என்று ஒரு சிறுமி விரல்விட்டுக் கணக்குச் சொன்னாள். ஒற்றைப்படை ஆதலால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அணி சும்மா இருக்க வேண்டிவரும். "சும்மா இருக்குற அணிதான் அன்னிக்கு நடுவர்" என்று இன்னொருவன் வழி கண்டான். விதிகளும் எழுதினார்கள். கட்டணம் கிடையாது. கடைசியில் வரும் அணியை வெளியே தள்ளக் கூடாது. ஆட்டம் முடிந்ததும் இரு அணிக்கும் சாப்பாடு உண்டு.

"சாப்பாடு எதுக்கும்மா?" என்று கேட்டார் பெரியவர்.

"சாப்பாடு இருந்தாத்தான தாத்தா எல்லாரும் வருவாங்க" என்றாள் அந்தச் சிறுமி, இதுகூடவா தெரியாது என்பதுபோல.

அன்றிரவு நாங்கள் நால்வரும் கூடினோம். பெரியவர் நடந்ததைச் சொன்னார். எங்கள் கல்லூரி இளைஞர் மறுநாளுக்கான வரலாற்றுக் குறிப்புகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். திடீரென நிமிர்ந்து, "இதைக் கேளுங்கள்" என்றார்.

1888-இல் மறுக்கப்பட்டவர்கள் வாளாவிருக்கவில்லை. மறு ஆண்டே, 1889-இல், வென்ஸ்டேயும் நாட்டிங்காம் ஃபாரஸ்டும் இன்னும் சில கழகங்களைச் சேர்த்துக்கொண்டு 'ஃபுட்பால் அலயன்ஸ்' என்னும் பெயரில் வேறொரு போட்டித் தொடரைத் தொடங்கிவிட்டன. அதிலும் பன்னிரண்டு கழகங்கள். முதல் ஆண்டு வென்ஸ்டே வென்றது. மூன்றே ஆண்டுகளில், 1892-இல், லீக்கே இறங்கி வந்து அவர்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. லீக்கின் இரண்டாம் பிரிவு அப்படித்தான் பிறந்தது. 'இடமில்லை' என்று திருப்பி அனுப்பப்பட்ட ஃபாரஸ்டும் வென்ஸ்டேயும் நேராக முதற்பிரிவிலேயே அமர்ந்தன. அவற்றோடு உள்ளே வந்தது நியூட்டன் ஹீத் என்றொரு கழகம். அது இரயில்வேயின் வண்டிப் பெட்டிப் பணிமனைத் தொழிலாளர்கள் 1878-இல் தொடங்கியது. 1902-இல் பெயர் மாற்றிக்கொண்டு மான்செஸ்டர் யுனைடெட் ஆயிற்று. பொன்மலைப் பெரியவர் இதைக் கேட்டதும், "பணிமனைக்காரங்களா!" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் பேசவில்லை.

நாட்டிங்காம் ஃபாரஸ்ட் 1979, 1980 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்றது. உள்ளே அமர்ந்த பன்னிருவருள் ஒருவரான அக்ரிங்டன் கழகமோ 1893-இலேயே லீக்கை விட்டு விலகி, சில ஆண்டுகளில் மறைந்தே போயிற்று. எனினும், வெளியே நின்றவர்கள் எல்லோருமே வென்றுவிடுவார்கள் என்று நாம் மனத்தைத் தேற்றிக்கொள்ளலாகாது. மூன்றாவதாக மறுக்கப்பட்ட ஹாலிவெல் கழகத்தை இன்று யார் நினைக்கிறார்கள்?

நம் நாட்டிலும் இந்தக் கதை நிகழ்ந்தே இருக்கிறது. 1996-இல் தேசியக் கால்பந்து லீக் தொடங்கிற்று. அதன் முதல் வாகையாளரான பஞ்சாபின் ஜே.சி.டி. அணி 2011-இல் கலைக்கப்பட்டது. 2014 அக்டோபரில் எட்டு அணிகளோடு இந்தியன் சூப்பர் லீக் பெரும் ஆரவாரத்தோடு பிறந்தது. நம் சென்னையின் எஃப்.சி. அணி 2015-இலும் 2017-18-இலும் அதை வென்றது. ஆனால் கோவையைத் தாயகமாகக் கொண்டு ஆடிய சென்னை சிட்டி அணி 2018-19-இல் ஐ-லீக் வாகை சூடியபோது, அந்த வெற்றியால் சூப்பர் லீக்கிற்குள் நுழைய வழியேதும் இருக்கவில்லை. சில ஆண்டுகளில் அந்த அணியே தேசியப் போட்டிகளிலிருந்து மறைந்துவிட்டது. பின்னர் 2025 ஜூலையில், நடத்தும் உரிமை பற்றிய ஒப்பந்தம் முடியப்போவதைக் காரணம் காட்டி, சூப்பர் லீக்கே நிறுத்திவைக்கப்பட்டது. சில கழகங்கள் சம்பளத்தையும் நிறுத்தின. எங்கள் பிள்ளைகள் லீக் ஒன்றை உருவாக்கிப் பழகிக்கொண்டிருந்த அந்த டிசம்பரில், நாட்டின் தலையாய லீக் தொடங்காமலே கிடந்தது. எட்டு மேசைகளோ பன்னிரண்டு மேசைகளோ, உள்ளே அமர்ந்தவர்களுக்கும் இருக்கை நிரந்தரமன்று.

இரவு பதினொரு மணி தாண்டியும் பேசிக்கொண்டிருந்தோம். மறுநாள் நிகழ்ச்சியை மாற்றினோம். மூன்று முடிவுகள். ஒன்று, பிள்ளைகள் தமிழில் பேசலாம். இரண்டு, மேசைகளே வேண்டாம். எல்லோரும் தரையில் அமரலாம். மூன்று, அந்த ஒன்பது பிள்ளைகளிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மறுநாள் ஞாயிறு. திருப்பலி முடிந்து பிள்ளைகள் வந்ததும் முதலில் மூன்றாவதைச் செய்தோம். ஆசிரியை எழுந்து, "நேற்று உங்களை வெளியே உட்கார வைத்தது எங்கள் தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றார். ஒன்பது பிள்ளைகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். "எதுக்கு டீச்சர்?" என்று கேட்டான் ஒருவன். அவன் நடிக்கவில்லை; உண்மையாகவே அவனுக்கு விளங்கவில்லை. மற்றவர்கள் உள்ளே பேசுவதும் தாங்கள் வெளியே நிற்பதும் அவர்களுக்குப் புதிதாக இருந்தால்தானே வலித்திருக்கும்? எங்களுக்கு அன்று கிடைத்த தண்டனை அந்த ஒரு கேள்வியே.

இரண்டாம் நாளுக்கு நாங்கள் எடுத்துக்கொண்டது கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் கழகத்தின் கதை. வாசகர் பலர் அந்தப் பெயரை விளையாட்டுச் செய்தியில் பார்த்திருப்பர். அது ஒரு கோவில் மண்டபத்தில் பிறந்தது என்பதை அறிந்தவர் சிலரே. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த கத்தோலிக்க ஏழைகள் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் நெருக்கியடித்து வாழ்ந்த காலம் அது. அங்கே திரு இருதயப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்தவர் மாரிஸ்ட் சபைத் துறவி சகோதரர் வால்ஃப்ரிட். பட்டினியோடு வரும் பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்று கண்டு, ஒரு பென்னிக்கு உணவளிக்கும் ஏற்பாட்டைச் செய்தார். அதற்குப் பணம் வேண்டும். 1887 நவம்பர் 6 அன்று புனித மரியாள் ஆலய மண்டபத்தில் கூடிய கூட்டத்தில் கால்பந்துக் கழகம் தொடங்கப்பட்டது. ஆட்டம் காண வருவோர் தரும் காசு, வின்சென்ட் தே பவுல் சபையின் வழியாகப் பிள்ளைகளின் சாப்பாட்டு மேசைக்குப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். 1888 மே மாதம் முதல் ஆட்டம். 1890-இல் ஸ்காட்டிஷ் லீக் தொடங்கியபோது செல்டிக் அதன் நிறுவன உறுப்பினர்.

லீக் வந்தது, புகழ் வந்தது, பணமும் வந்தது. 1892-இல் சகோதரர் வால்ஃப்ரிட் இலண்டனுக்கு மாற்றப்பட்டார். அங்கும் ஏழைச் சிறுவர்களுக்குப் பந்தாட்டம் ஏற்பாடு செய்தாராம். 1897-இல் செல்டிக் ஒரு வரையறுத்த நிறுவனமாயிற்று. பங்குதாரருக்கு ஆதாயம் போயிற்று. சாப்பாட்டு மேசைக்குப் போன பங்கு சுருங்கிற்று.

"செல்டிக் நிறுவனமாக மாறலாமா, கூடாதா?" இதுதான் எங்கள் பிள்ளைகள் முன் வைத்த தீர்மானம். நாற்பத்தைந்து பேரும் கழகத்தின் உறுப்பினர்கள். இரண்டு மணி நேரம் தமிழில் வாதம் நடந்தது. முதல் நாள் கேட்டிராத குரல்களை அன்று கேட்டோம். ஆங்கில வழிப் பிள்ளைகளிலும் சிலர் முதல் நாள் வாய் திறக்காமல் இருந்தவர்கள் என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

நிறுவனமாக்க வேண்டும் என்று வாதிட்டவர்களை இகழ்ந்து ஒதுக்க எங்களால் இயலவில்லை. "மைதானத்துக்குப் பணம் வேணும். நல்ல ஆட்டக்காரனுக்குச் சம்பளம் வேணும். கழகமே மூழ்கிட்டா அப்புறம் யாருக்குச் சாப்பாடு போடுவீங்க?" என்று கேட்டான் முதல் நாள் மெக்ரெகராக அமர்ந்தவன். அதில் உண்மை உண்டு. அறப்பணி செய்யும் எந்த அமைப்பும் எதிர்கொள்ளும் கேள்விதான் அது.

மறுத்துப் பேசியவர்களில், முந்தைய நாள் சாப்பாட்டு விதி எழுதிய சிறுமியும் இருந்தாள். "எங்க ஸ்கூல்ல சத்துணவு போடுறாங்க. அன்னிக்கு எத்தனை பேர் சாப்பிட்டாங்கன்னு தினமும் எழுதணும். எழுதலைன்னா கேப்பாங்க. இங்க யார் கேப்பாங்க?" என்றாள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பாப்பாக்குறிச்சி, நம் திருச்சிச் சீமையில் இருக்கும் ஊர்தான். அந்தச் சிறுமிக்கு அது தெரியாது. ஆனால் அந்தத் திட்டத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பது தெரிந்திருந்தது: தட்டுகளை எண்ணி எழுதும் பதிவேட்டில்.

வாக்கெடுப்பில் நிறுவனத் தீர்மானமே வென்றது. ஆதரவு இருபத்தேழு, எதிர்ப்பு பதினெட்டு. வரலாறு எங்கள் மண்டபத்திலும் மாறவில்லை. ஆனால் அந்தச் சிறுமி ஒரு திருத்தம் கொண்டுவந்தாள். ஆதாயத்தைப் பிரிப்பதற்கு முன், அந்த ஆண்டு எத்தனை பிள்ளைகள் சாப்பிட்டார்கள் என்ற கணக்கை எல்லோர் முன்னிலையிலும் உரக்க வாசிக்க வேண்டும். அவ்வளவே. "இவ்வளவு பங்கு கொடு" என்றுகூட அவள் கேட்கவில்லை. வாசித்தால் போதும் என்றாள். ஒரு கை விடாமல் நாற்பத்தைந்து கைகளும் உயர்ந்தன.

நாங்கள் நால்வரும் சுவரோரம் நின்றிருந்தோம். எங்கள் மனத்தில் ஓடியது செல்டிக்கின் கணக்கு அன்று, எங்கள் கணக்கு. எத்தனை கூட்டங்கள், எத்தனை விழாக்கள், எத்தனை போட்டிகள் நடத்தியிருக்கிறோம்! "நிகழ்ச்சி சிறப்பாக நடந்தது" என்று அறிக்கை எழுதியிருக்கிறோம். எத்தனை பேர் பேசவேயில்லை, எத்தனை பேர் வராந்தாவோடு திரும்பினார்கள் என்று ஒருநாளாவது எண்ணி வாசித்திருக்கிறோமா? இடம் குறைவாக இருப்பது பாவமன்று. மெக்ரெகரின் கையில் உண்மையாகவே 22 நாட்கள்தான் இருந்தன. எங்கள் மண்டபமும் சிறியதுதான். ஆனால் யார் வெளியே நிற்பது என்ற கேள்வி எழும்போதெல்லாம் நம் விரல், யோசிக்காமலே, ஒரே திசையில் நீள்கிறதே. அதை இரக்கம் என்று வேறு பெயரிட்டு அழைக்கிறோமே. கவனிக்க வேண்டியது அங்கேதான்.

மாநாடு முடிந்து பிள்ளைகள் போனபின் மண்டபத்தைக் கூட்டினோம். குடிலைத் திரும்ப உள்ளே கொண்டுவர வராந்தாவிற்குச் சென்றோம். அதனருகே, தரையில், சுண்ணக்கட்டியால் போட்ட அட்டவணை அழியாமல் இருந்தது. ஒன்பது கழகங்கள், தலா பதினாறு ஆட்டங்கள். கீழே மூன்று விதிகள். செவிலியர் தண்ணீர் வாளியோடு வந்தவர், சற்று நின்று பார்த்துவிட்டு வாளியைத் திரும்ப எடுத்துச் சென்றார். குடிலையும் அங்கேயே விட்டுவிட்டோம்.

சனவரி மாதத்தில் ஒருநாள், ஆட்டோ ஓட்டும் ஒருவர் கோவில் வாசலில் எங்கள் ஆசிரியையை நிறுத்தினார். "டீச்சர், எம் பொண்ணு ஏதோ லீக் ஆரம்பிச்சிருக்காளாம். பந்து வாங்கிக் குடுங்கன்னு உயிரை எடுக்குறா. அது என்னங்க லீக்?" என்று கேட்டார். ஆசிரியை விளக்கிச் சொன்னார். பந்து நாங்கள் வாங்கினோம். சாப்பாட்டுப் பொறுப்பை அன்பியத்துக் குடும்பங்கள் முறைவைத்து ஏற்றுக்கொண்டன.

இதுவரை ஒன்பது அணி சேரவில்லை, நான்குதான். எல்லா வாரமும் ஆட்டம் நடக்கிறது என்றும் சொல்வதற்கில்லை. ஆடுகளம் என்பது ஒரு காலி மனை. இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக் கம்பம் குறித்திருக்கிறார்கள். முதல் நாள் மெக்ரெகராக இருந்த மாணவன் இப்போது காஜாமலை அணியின் காவலன். ஆட்டம் முடிந்ததும் எல்லோரும் வட்டமாக அமர்கிறார்கள். பொன்மலைப் பெரியவர் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்குமுன் ஒரு பிள்ளை எழுந்து, அன்றைய எண்ணிக்கையை உரக்க வாசிக்க வேண்டும். சென்ற சனிக்கிழமை இருபத்தொன்று.